கந்தக தோஷமும் கடைசல் பட்டறைகளும்

கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் எழுந்த பிறகு தென்சென்னையில் பல்கிப் பெருகிய கடைசல் பட்டறைகளில் எதனுள் நுழைந்து, இ.என்.1ஏ என்று வழங்கும் பிரைட் பாரில் கடைந்த ஓர் உறுப்பைப் பற்றவைத்துத் தர முடியுமா என்று கேட்டாலும், ஜாதகத்தைப் பிரிக்காமலே செவ்வாய் தோஷம் என்று கையை விரிக்கும் ஜோசியரைப் போல, “அது வெல்டிங் ஆகாது சார்” என்றுதான் பெரும்பாலும் விடை வருகிறது. இந்த விடையில் பாதி உண்மை. மறுபாதி, சோதித்துப் பாராத சோம்பலுக்குச் சூட்டிய கௌரவமான பெயர் என்பது என் கட்சி.

உண்மைப் பாதியை மறைக்க வேண்டியதில்லை. லேத்தில் சீவல் நீளச் சுருளாமல் பொடிப்பொடியாய் உதிர வேண்டும் என்பதற்காகவே இந்த எஃகில் வேண்டுமென்றே கந்தகம் சேர்க்கிறார்கள். கட்டட எஃகுக்கான ஐ.எஸ். 2062 தரம் நூற்றுக்கு 0.045 அளவுக்கு மேல் கந்தகத்தை அனுமதிப்பதில்லை, இதிலோ 0.25 முதல் 0.35 வரை இருக்கிறது. உருகிய குட்டை இருபுறமிருந்தும் உறைந்துகொண்டு வருகையில், உறையும் இரும்பு ஏற்க மறுத்த கந்தகம் நடுக்கோட்டில் ஒதுங்கி, ஏறக்குறைய 988 டிகிரி வரையில் திரவமாகவே தங்கும் மெல்லிய படலமாகிவிடுகிறது. சுற்றிலும் எஃகு இறுகிச் சுருங்கும் அந்தத் தருணத்தில் படலம் இழுவையைத் தாங்காமல் பிளக்க, வெல்டின் நட்டநடுவில் நீளவாக்கில் கிராக் தோன்றுகிறது.

விபரீதம் என்னவென்றால், ஆகாது என்று சொல்பவரே அவசரத்துக்குப் பற்றவைத்தும் விடுகிறார்; அதுவும் ஜன்னல் கிரில்லுக்கு உபயோகிக்கும் அதே 6013 ராடைக் கொண்டு, கரண்டை உயர்த்தி வைத்து, அடி உலோகத்தை ஆழமாகக் கலக்கி. வெடித்ததும், “நான் அப்போதே சொன்னேனே” என்கிறார். தாமே உண்டாக்கிய தோல்வியைத் தம் நம்பிக்கைக்குச் சாட்சியாக நிறுத்தும் இந்த நியாயம், 1949 முதல் பொறியியல் போதித்துவரும் எம்.ஐ.டி.யின் நிழலில், குரோம்பேட்டையிலும் செல்லுபடியாகிறது என்பது சற்றே வேடிக்கைதான்.

பரிகாரம் புதிதல்ல. மாங்கனீஸ் போதுமான அளவு கலந்துவிட்டால் கந்தகம் இரும்பை விட்டு அதனோடு சேர்ந்து, எஃகே உறைந்து முடியும் முன்னர் திடப்பொருளாகிவிடும். ஆகவே தாழ்ந்த உருகுநிலையுள்ள அந்தப் படலத்துக்கு இடமில்லாமல் போகும். 7018 போன்ற, சுண்ணாம்புச் சத்து மிகுந்த பூச்சுள்ள லோ ஹைட்ரஜன் ராடின் கசடு கந்தகத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். மெல்லிய ராடு, தாழ்ந்த கரண்ட், முனைகளைச் சாய்த்துச் சீவிய இணைப்பு, நடுவில் குழியாமல் சற்றே மேடாக அமையும் ரன், முடிவிலுள்ள குழியை நிரப்பிவிட்டு நிறுத்துதல், இவ்வளவும் அடி உலோகம் குட்டையில் அதிகமாகக் கரையாதபடியும், உறையும் வெல்டு இழுவையில் பிளக்காதபடியும் காக்கும் உபாயங்களே. ராடை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் உலர்த்துவதை மட்டும் முடிச்சூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்யும் நாட்களில் தவறவிடலாகாது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் கந்தகத்தோடு கூடி, வெல்டு முழுதும் துளை விழச் செய்யும்.

இன்னொரு மூடநம்பிக்கை, முன்கூட்டியே நன்றாகக் காய்ச்சினால் எல்லாம் சரியாகும் என்பது. இ.என்.1ஏ-யில் கார்பன் 0.15-க்கு மேல் இல்லை. இறுகி வெடிக்கும் சுபாவமே இல்லாத எஃகைக் காய்ச்சுவது, உருகும் பரப்பை விரித்து அதிகக் கந்தகத்தைக் குட்டைக்குள் அழைப்பதாகவே முடியும். கார்பனும் கந்தகமும் சேர்ந்த இ.என்.8எம் வேறு விவகாரம். அதற்குச் சூடு தேவைதான். ஈயம் கலந்த ரகமானால், புகையை வெளியே இழுக்கும் விசிறியில்லாத மூடிய ஷெட்டில் அதைத் தொடக்கூடாது. அங்கே கேடு வருவது வெல்டுக்கல்ல, வெல்டருக்கு.

இவற்றால், இடைவிடாமல் ஏறி இறங்கும் சுமையைத் தாங்கும் ஸ்டீயரிங் உறுப்பையும் பற்றவைக்கலாம் என்று நான் வாதிப்பதாக யாரும் கொள்ளவேண்டாம். அப்படிப்பட்ட உறுப்புக்குப் பற்றவைப்புத் தேவையென்று வரைபடம் போடும்போதே தெரியும். தெரிந்தும், கடைசல் நேரத்தில் சில நிமிஷம் மிச்சமாகிறதென்று இ.என்.1ஏ-யைக் குறித்தனுப்பும் கம்பெனி, கிராக் விழுந்தபின் தாம்பரத்து வெல்டரின் கூலியில் பிடித்தம் செய்வது அக்கிரமம்.