குரங்கின் மீது விழுந்த பழி

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11.30 மணியளவில் இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று நிலைமாற்றியுடன் தொடுகையுற்றதே இதற்குக் காரணம் என அவ்வேளை எரிசக்தி அமைச்சராக இருந்த குமார ஜயக்கொடி ஊடகங்களுக்குத் தெரிவித்தார். சில மணித்தியாலங்களுக்குள் அந்தக் குரங்கு உலகப் புகழ் பெற்றுவிட்டது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாட்டைத் தனியொரு குரங்கு முடக்கிவிட்டது என்று வெளிநாட்டு ஊடகங்களும் எழுதின. அனுமன் வந்துபோன தேசம் என்று பெயர் வாங்கிய நாட்டில் இப்படியொரு செய்திக்குச் சுவை கூடுவது இயல்புதான்.

அமைச்சர் பொய் சொன்னார் என்று நான் கூறவரவில்லை. குரங்கு வந்திருக்கலாம், தொட்டிருக்கலாம். எனது கேள்வி வேறு. குரங்குகள் மலிந்த நாட்டில், நூற்றாண்டுக்கு மேலாக மின்சாரத்தைப் பயன்படுத்தும் நாட்டில், ஓர் உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு அந்த உப மின்நிலையத்துடன் ஏன் நிற்கவில்லை? வீட்டில் ஓர் அறையின் மின்குமிழ் பழுதானால் ஊர் முழுவதும் இருண்டுவிடுவதில்லை. கோளாறு நிகழ்ந்த பகுதியைத் துண்டித்துவிட்டு மற்றைய பகுதிகள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்பதற்காகவே பாதுகாப்புப் பொறிமுறைகள் அமைக்கப்படுகின்றன. அன்று அவை போதாமற் போயின. ஏன்?

இதற்கான விடையின் ஒரு பகுதியை இலங்கை மின்சார சபையே பின்னர் வெளியிட்ட விளக்கத்திற் கூறியிருந்தது. ஆனால் அது பத்திரிகைகளின் உட்பக்கங்களில் ஒதுங்கிக்கொண்டது. குரங்குடன் போட்டியிட்டு வெல்லக்கூடிய விளக்கமாக அது இருக்கவில்லை.

விடயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடப்பதால் மின்சாரத் தேவை குறைவு. நல்ல வெயில் எறிக்கும் முற்பகலில் கூரைகளின் மீது பொருத்தப்பட்ட சூரியத் தகடுகள் அந்தக் குறைந்த தேவையின் பெரும் பங்கை நிரப்பிவிடுகின்றன. எனவே பாரிய மின்பிறப்பாக்கிகள் குறைந்த எண்ணிக்கையிலேயே சுழல்கின்றன. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பல தொன் எடையுள்ள சுழலிகள் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவற்றின் சடத்துவம் முழு வலையமைப்புக்கும் ஒரு தாங்குசக்தியாக அமைகிறது. எங்கோ ஓரிடத்தில் அதிர்ச்சி ஏற்பட்டாலும் மின்னின் மீடிறன் 50 ஹேட்ஸிலிருந்து சட்டென்று சரிந்துவிடாமல், பாதுகாப்புக் கருவிகள் செயற்படச் சில நொடிகளை அந்தச் சுழற்சி வாங்கிக் கொடுக்கும். சூரியத் தகடுகளில் சுழல்வது எதுவும் இல்லை. அன்று வலையமைப்பில் தாங்குசக்தி குறைந்திருந்த வேளையிற் கோளாறு ஏற்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விழுந்தன. 900 மெகாவோட் கொள்ளளவுள்ள நுரைச்சோலை நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை உடனே மீள இயக்க முடியாமையால் அடுத்தடுத்த நாட்களிலும் மின்வெட்டு அமுலாயிற்று.

இப்படிக் கேட்டுக்கொண்டு போனால் குரங்கு மெல்ல மெல்லச் சிறுத்துவிடுகிறது. கூரைமேல் மின் உற்பத்தியை ஊக்குவித்தவர்கள், அதனைத் தாங்கும் வகையில் வலையமைப்பைப் பலப்படுத்தினார்களா? மின்கலச் சேமிப்புக்கு ஏன் முன்னரே முதலீடு செய்யப்படவில்லை? தாங்குசக்தி குறைந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கென்று தனியான இயக்க ஒழுங்குகள் இருந்தனவா? இவை எதற்கும் குரங்கிடம் பதில் கிடையாது.

ஒரு நிகழ்வின் வெளித்தோற்றத்தைத் துளைத்துக்கொண்டு அடிவேர்வரை போகும் இந்த முறைக்கு மேலாண்மைத் துறையில் மூலகாரண ஆய்வு என்று பெயர். இதன் மிக எளிய வடிவம் ஜப்பானிலிருந்து வந்தது. நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும் தறியை வடிவமைத்த சாக்கிச்சி டொயோடாவிடமிருந்து தொடங்குவதாகச் சொல்லப்படும் மரபு அது. டொயோடா மோட்டார் நிறுவனத்தின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான தாய்ச்சி ஓனோ, 1978இல் வெளிவந்த தமது நூலில் அதற்கொரு உதாரணம் தருகிறார். இயந்திரம் ஒன்று நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி உருகி எரிந்தது. சுமை ஏன் கூடியது? தாங்கிக்குப் போதிய எண்ணெய் போகவில்லை. ஏன் போகவில்லை? எண்ணெய்ப் பம்பி சரிவர இறைக்கவில்லை. அது ஏன்? பம்பியின் தண்டு தேய்ந்துவிட்டது. தண்டு ஏன் தேய்ந்தது? வடி பொருத்தப்படாமையால் உலோகத் துகள்கள் உள்ளே புகுந்துவிட்டன.

முதற் கேள்வியுடன் நிறுத்தியவர் புதிய உருகியைப் போட்டுவிட்டுப் போவார். சில மாதங்களில் அது மீண்டும் எரியும். ஐந்தாவது கேள்விவரை போனவர் ஒரு சிறிய வடியைப் பொருத்துவார். நமது நாட்டில் உருகிகள் மாற்றப்படுவது அதிகம். அதைவிட அதிகமாக, உருகிக்கு அருகில் நின்றவன் மாற்றப்படுவான்.

எனது தொழிலிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1990களில் நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில் இரண்டு மரண அறிவித்தல்களின் படங்கள் இடம்மாறிப் பிரசுரமாகிவிட்டன. மரண அறிவித்தல் நமது மக்களிடையே எத்தகைய புனிதமான பொருள் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பத்திரிகையின் தலையங்கத்தைப் படியாதவர்களும் அதைப் படிப்பார்கள். வெட்டி எடுத்துச் சட்டமிட்டுக் கடல்கடந்த பிள்ளைகளுக்கு அனுப்புவார்கள். இரு குடும்பங்களும் அலுவலகத்துக்கு வந்து அழுதன, ஏசின, வழக்குப் போடுவோம் என்றன. நிர்வாகம் அன்று மாலையே இரவுப் பணியிலிருந்த ஒப்புநோக்காளரை வீட்டுக்கு அனுப்பியது. இருபது ஆண்டுகள் அந்த மேசையில் இருந்தவர். குடும்பங்களிடம் மன்னிப்புக் கோரப்பட்டது. பிழைவிட்டவர் நீக்கப்பட்டார் என்ற தகவலும் அவர்களுக்குக் கூறப்பட்டது. விடயம் முடிந்தது.

மூன்று மாதங்களின் பின்னர் வேறு இரண்டு படங்கள் மாறின.

அப்போதுதான் விளம்பரப் பிரிவிலிருந்த இளம் எழுதுவினைஞர் ஒருவர் வாய் திறந்தார். ஒப்புநோக்காளரின் மேசைக்குப் படங்கள் வருவதே இல்லை. எழுத்துக்கள் மாத்திரமே வரும். படங்கள் முற்பணம் கட்டும் கருமபீடத்திலிருந்து நேரே பக்க வடிவமைப்புக்குப் போய்விடும். படத்தின் பின்புறம் பென்சிலாற் குறித்த ஒரு தொலைபேசி இலக்கத்தைத் தவிர வேறெதுவும் இராது. சில படங்களில் அதுவும் அழிந்திருக்கும். அறிவித்தல்களை ஏற்கும் நேரம் மாலை ஆறு மணி என்று பலகையில் எழுதியிருந்தாலும், வருமானத்தை இழக்க விரும்பாத நிர்வாகம் ஒன்பதரைவரை அவற்றை ஏற்றுக்கொண்டது. பத்து மணிக்குப் பக்கம் போயாக வேண்டும். இறுதி அரை மணி நேரத்தில் நான்கைந்து முகங்கள் ஒரே மேசையிற் குவிந்து கிடக்கும். இறந்தவர்கள் அநேகமாக முதியவர்கள். கண்ணாடியும் நரையும் எல்லோரையும் ஒருவர்போற் காட்டும்.

பற்றுச்சீட்டின் இலக்கத்தைப் படத்தின் பின்னும் அறிவித்தலின் தலையிலும் அழியாத மையினால் எழுதுங்கள் என்றார் அந்த இளைஞர். அதற்கான செலவு ஒரு பேனா. அதன் பின்னர் நான் அங்கிருந்த காலம்வரை படங்கள் மாறவில்லை. நீக்கப்பட்ட ஒப்புநோக்காளரை மீண்டும் அழைக்குமாறு சிலர் கேட்டபோது, அழைத்தால் முதல் முடிவு பிழையென்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. அவர் பின்னர் ஒரு புத்தகக் கடையிற் கணக்கெழுதிக்கொண்டிருந்ததை நான் அறிவேன்.

விசாரணைகள் அடிவேர்வரை போகாமைக்கு மூளைக் குறைவு காரணமென்று நான் நம்பவில்லை. கேள்வி மேலே ஏற ஏற, பதில் சொல்ல வேண்டியவரின் நாற்காலியும் உயர்ந்துகொண்டே போகிறது. முதற் கேள்விக்குப் பதில் ஒப்புநோக்காளர். ஐந்தாவது கேள்விக்குப் பதில் பணிப்பாளர் சபை. விசாரணையை நியமிப்பவரும் அந்தச் சபைதான்.

மின்சாரத்துக்கே திரும்புவோம். 2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் ஒரு மின் அத்தியட்சகர் விட்ட தவறு என்று காரணம் கூறப்பட்டது. 2021 டிசெம்பர் 3ஆம் திகதி மீண்டும் போனது. கொத்மலை–பியகம மின்கடத்தல் பாதையிற் கோளாறு என்றார்கள். 2023 டிசெம்பர் 9ஆம் திகதியும் போனது. அதே கொத்மலை–பியகம பாதைதான். பின்னர் 2025இற் குரங்கு. மனிதன், கம்பி, கம்பி, குரங்கு என்று நான்கு தடவைகளில் மூன்று விதமான குற்றவாளிகளை நாம் பெற்றிருக்கிறோம். நான்கிலும் பொதுவாக இருந்தது, ஓரிடத்து அதிர்ச்சியைத் தாங்கமாட்டாத வலையமைப்பு. ஒவ்வொரு தடவையும் குழு நியமிக்கப்படும் என்று செய்தி போட்டோம். குழு என்ன கண்டது, அது சொன்னதில் எது நிறைவேறியது என்று அதே அளவு எழுத்தில் நாம் போட்டதில்லை. இந்த விடயத்தில் எமது தொழிலையும் நான் விட்டுவைக்கப்போவதில்லை.

பணக்கார நாடுகளும் விதிவிலக்கல்ல. 1986 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் எழுவருடன் வெடித்துச் சிதறியது. குளிரில் விறைத்த ஓர் இறப்பர் வளையமே பௌதிகக் காரணம். அன்று ஏவ வேண்டாமென்று முதல்நாளிரவே பொறியியலாளர்கள் தடுத்தும் கேட்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. வளையம் திருத்தப்பட்டது. 2003 பெப்ரவரி 1ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் வேறு எழுவருடன் அழிந்தது. இம்முறை வெளித்தாங்கியிலிருந்து உடைந்து விழுந்த ஒரு துண்டு நுரை. அந்த விபத்தை ஆராய்ந்த சபை, நுரைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நாசாவின் நிறுவனப் பண்பாட்டுக்கும் உண்டென்று எழுதியது. பதினேழு ஆண்டுகளின் முன்னர் மாற்றப்பட்டது ஓர் உருகிதான் என்று அதற்குப் பொருள்.

நம்மவர்களுக்கு இது கைவராது என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையின் சுகாதாரத் துறையில் பல ஆண்டுகளாக ஒரு வேலை அமைதியாக நடந்துவருகிறது. கர்ப்பகாலத்திலோ பிரசவத்திலோ ஒரு தாய் இறந்தால் அந்த மரணம் தனித்தனியாக ஆராயப்படும். கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி, வைத்தியசாலையின் மகப்பேற்று நிபுணர் ஆகியோரும் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் நிபுணர்களும் அந்த மரணத்தைப் படிப்படியாகப் பின்னோக்கிப் பார்ப்பார்கள். குருதிப்பெருக்கால் இறந்தார் என்று எழுதிக் கோப்பை மூடுவதில்லை. அவர் எப்போது வீட்டிலிருந்து புறப்பட்டார், வாகனம் கிடைத்ததா, முதலிற் சென்ற வைத்தியசாலையில் குருதி இருந்ததா, பெரிய வைத்தியசாலைக்கு மாற்ற ஏன் தாமதமாயிற்று என்று கேட்பார்கள். பழி சுமத்துவது நோக்கமல்ல என்பது அங்கு அடிப்படை விதி. அந்த விதி இல்லாவிட்டால் எந்தத் தாதியும் உண்மையைச் சொல்லமாட்டார்.

1930களில் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010களின் பிற்பகுதியில் அந்த எண்ணிக்கை 30ஐ ஒட்டி வந்துவிட்டது. இலவச மருத்துவமும் பெண்கல்வியும் கிராமம் கிராமமாகச் சென்ற மருத்துவிச்சிகளும் இதன் முதற் காரணங்கள். எஞ்சியிருந்த மரணங்களைக் குறைத்ததில் இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. இதே நாட்டின் அரச உத்தியோகத்தர்கள்தாம் இதைச் செய்தார்கள். ஜப்பானிலிருந்து எவரும் வரவில்லை.

முறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஐந்து முறை ஏன் என்று கேட்பது மந்திரமல்ல. ஒரே விபத்தை இருவர் ஆராய்ந்தால் இரு வேர்களுக்குப் போய்ச் சேர்வதுண்டு. பெரும்பாலான தோல்விகளுக்கு ஒரே வேர் இருப்பதுமில்லை. ஆலமரத்துக்குப்போலப் பல விழுதுகள் மண்ணில் ஊன்றியிருக்கும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைமேல் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. குரங்கை விட்டுச் சூரியனுக்கு வந்தது முன்னேற்றம்தான். எனினும் கடன்பட்டுத் தகடு பொருத்திய குடும்பத்தலைவரை அடுத்த குற்றவாளியாக்கி அங்கே நின்றுவிடும் ஆபத்தும் அதில் உண்டு. சூரியனை வரவேற்கும் கொள்கையை வகுத்தவர்களுக்கும் வலையமைப்பை வகுத்தவர்களுக்கும் இடையில் என்ன பேச்சு நடந்தது என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். 2020, 2021, 2023, 2025 ஆகிய நான்கு மின்தடைகள் பற்றிய விசாரணை அறிக்கைகளையும், அவற்றின் பரிந்துரைகளில் எவை எந்தத் திகதியில் நிறைவேற்றப்பட்டன என்ற விபரத்தையும் எந்தப் பிரஜையும் அச்சட்டத்தின் கீழ்க் கோரலாம். இளம் நிருபர்கள் எவராவது இதைச் செய்ய முன்வந்தால், விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்க நான் தயார்.