பார்க்க ஆள் வேண்டும்

படம் எடுக்கத் தனியாகப் போகலாம். எடுத்ததைப் பார்க்க ஆள் வேண்டும். "செம", "சூப்பர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. படத்தை விரலால் விரித்து, ஓரங்களைத் துழாவி, பறவையின் கால்நகம் வரை இறங்கி, "இது என்ன?" என்று கேட்கிற ஆள் வேண்டும். கேமராவைப் பொழுதுபோக்காகத் தூக்குகிறவர்களில் அப்படி நான்கு பேர் வாய்த்தவர் கொடுத்துவைத்தவர்.

எங்கள் கூட்டம் சிறியது. வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர், பள்ளியில் விலங்கியல் நடத்திய சார் ஒருவர், ஐ.டி. கம்பெனித் தம்பிகள் இரண்டு மூன்று பேர், நான். ஞாயிறு விடியலில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஏதாவதொரு கரையில் நிற்போம். 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நிலம் அது. ஒரு பக்கம் குப்பைமேடு, மறுபக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் பூநாரையும் கூழைக்கடாவும். வெயில் ஏறியதும் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுவோம். கேமராவின் பின்திரைமேல் கையைக் குவித்து நிழல் கட்டிக்கொண்டு, ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்ப்பது அங்கேதான். அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் அலாரம் வைத்து எழுகிறேன்.

ஒருமுறை தம்பி ஒருவர் நீளவால் இலைக்கோழியைக் குஞ்சுகளோடு எடுத்திருந்தார். மிதக்கும் இலைமேல் நீண்ட விரல்களைப் பரப்பி நிற்கிற பறவை, அதன் நிழலில் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து பிடரியின் பொன்னிறம் துலங்கியது. "தாய்மைன்னு தலைப்பு வைக்கலாம்னு இருக்கேன் சார்" என்றார். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். "அது அப்பா, தம்பி. இந்த இனத்துல பொம்பளை முட்டையிட்டுட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போயிடும். அடைகாக்கிறது, குஞ்சை மேய்க்கிறது எல்லாம் ஆம்பளைதான்." தலைப்பு போனது. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் அந்தத் தம்பி எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் அழகான போஸுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, அந்தப் பறவை என்ன செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். குஞ்சுகளை இறக்கைக்கடியில் அள்ளிக்கொண்டு நடக்கும் தகப்பன் படம் ஒன்று அவரிடம் இருக்கிறது. குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே தொங்கும். நான் பார்த்த நல்ல படங்களில் ஒன்று அது.

அக்காவின் கண் வேறு மாதிரி. ஒரு குளிர்காலத்தில் இன்னொரு தம்பி கருவால் மூக்கன் ஒன்றை எடுத்துவிட்டு, முகம் தெரியவில்லை என்று அழிக்கப் போனார். பறவை முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. அக்கா கேமராவை வாங்கிக் காலருகே பெரிதாக்கினார். காலில் உலோக வளையம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் கட்டி விடுகிறார்கள். இங்கே வலசை வருகிற பறவைகளுக்கு வேறு நாடுகளிலும் கட்டுகிறார்கள். வளையத்தில் எண்ணும், கண்டால் தெரிவிக்கச் சொல்லும் முகவரியும் பொறித்திருக்கும். சிக்கல் என்னவென்றால் எண் காலைச் சுற்றி ஓடும். ஒரு படத்தில் இரண்டு மூன்று எழுத்துதான் தெரியும். பறவை திரும்பும்போதெல்லாம் எடுத்த வரிசைப் படங்கள் இருந்தால் ஒட்டுப்போட்டு முழு எண்ணையும் படித்துவிடலாம். வளையத்துக்குப் பதில் நிறக்கொடி இருந்தால் இன்னும் சுலபம். எந்தப் பகுதியில் எந்த நிறம் என்று முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆக, கோணலான படம், மங்கலான படம், முதுகைக் காட்டும் படம் எல்லாவற்றையும் நாலு பேரிடம் காட்டாமல் அழிப்பது கூடாது என்று அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம். காலை வெட்டி க்ராப் பண்ணுகிறவர்களை அக்கா இன்றும் விடுவதில்லை.

இப்படிக் கூடி உட்கார்ந்து படம் பார்க்கிற வழக்கம் புகைப்படக் கலையோடு பிறந்தது. சென்னையில் 1850-களிலேயே ஆர்வலர்களுக்கென்று புகைப்படச் சங்கம் இருந்தது. இங்கே கலைப்பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் அதற்கு முன்கையெடுத்தவர். பிரிட்டனில் கூடி உட்கார முடியாதவர்கள் தபாலை நம்பினார்கள். அச்சிட்ட படங்கள் நிறைந்த ஒரு பெட்டி ஊர் ஊராகச் சுற்றும். பெட்டி வந்து சேர்ந்த உறுப்பினர் ஒவ்வொரு படத்துக்கும் தன் கருத்தை எழுதிவைத்து, சுற்றி முடித்த தன் பழைய படத்தை எடுத்துக்கொண்டு, புதியதை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவார். தன் படத்தைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படிக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இன்று தேவையில்லை. உட்கார்ந்து எழுத்தில் கருத்துச் சொல்கிற அந்தப் பொறுமை தேவை. நம்மிடையே முதலில் வருகிற கேள்வி "எந்த லென்ஸ்? எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். அந்தக் கேள்வி படத்தை எடுத்தவரையும் வளர்க்காது, கேட்டவரையும் வளர்க்காது.

எது வளர்க்கும்? "கொக்கு வெளுத்துப்போச்சு" என்பது வளர்க்கும். கறுத்த தண்ணீரில் ஒற்றை வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா தண்ணீரைக் கணக்கிட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் இறகு ஒன்றுகூடத் தெரியாமல் சுண்ணாம்பு பூசியதாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தால் இறகுகள் திரும்பி வரும். வெளுத்த வானத்தில் காக்கை என்றால் நேர்மாறு, கூட்ட வேண்டும். புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும். பெஞ்சில் ஒருவர் தன் கொக்கையும் நம் கொக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மறக்காது.

காக்கை என்றதும் எம். கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார்; கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார்; தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவைச் சுமந்து காட்டில் நடந்தார். தமிழில் அவர் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். யானைக்குக் கொடுத்த அதே அக்கறையை அவர் அணிலுக்கும் ஆட்டுக்கும் நாட்டு நாய்க்கும் கொடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். முதுமலைக்குப் போய் வந்தவர் புலி முதுகைக் காட்டும்போது சுற்றி நிற்கிற கூட்டம், பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பியில் காக்கை குஞ்சுக்கு ஊட்டுவதை எடுத்தவரிடம் நிற்பதில்லை. புலியை மறுபடி பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும். காக்கை நாளையும் அதே கம்பியில் இருக்கும், போன வாரம் சொன்ன குறையை இந்த வாரம் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கும். பழகுவதற்குக் காக்கைதான் சரி.

பகிரக்கூடாத ஒன்றும் உண்டு: இடம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாலையோர மரப்பொந்தில் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அடுத்த வாரம் அந்த மரத்தடியில் முக்காலிகள் வரிசை கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரையோடு வந்த தாய் எதிர் மரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். கீழே ஆட்கள் கலையும்வரை உள்ளே போகாது. குஞ்சு பசியில் இருக்கும் நேரத்தை நாம் ஃபோகஸ் பார்க்கச் செலவழிக்கிறோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் வரையறையிலேயே பறவையின் முட்டையை, கூட்டைக் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வலசை வந்து அக்டோபரில் களைத்து இறங்குகிற ஆறுமணிக்குருவியைச் செல்பேசியில் அதன் குரலையே ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பதும் எனக்கு அதே கணக்குத்தான்.

இதில் தெரியாமல் நடப்பதும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைகிறது என்று நம்மவர்கள் டாக்குமென்டாக அனுப்புகிறார்கள். செல்பேசியில் எடுத்த படமென்றால், இருப்பிடம் பதியும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் அந்தக் கோப்போடு சேர்ந்தே போகும். வாயைத் திறக்காமலேயே பொந்துக்கு வழி சொல்லிவிட்டோம். கூடு, பொந்து, தேவாங்கு போன்ற கூச்ச உயிர்கள் என்றால் அனுப்புமுன் அந்தத் தகவலை நீக்கிவிட வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களே அருகிவரும் உயிரினங்களின் சரியான இடத்தைக் காட்டாமல் அகன்ற கட்டத்துக்குள் மறைக்கின்றன. மாறாக, எடுத்த நாள், நேரம், அந்த உயிர் என்ன செய்துகொண்டிருந்தது, கூண்டிலா காட்டிலா என்பதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 2017-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் ஒரு பிரிவில் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படம் மறு ஆண்டே தகுதி இழந்தது. படம் எடுத்த பூங்காவின் வாசலில் வைத்திருந்த பாடம்செய்த எறும்புதின்னிதான் அது என்று, மயிர்க் கற்றைகளை ஒப்பிட்டுப் பார்த்த விலங்கியலாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். பார்க்கிறவர்களின் கண்ணை யாரும் குறைத்து எடைபோடக் கூடாது.

மனிதர்களை எடுக்கிறபோது, பகிர வேண்டியவர்களில் முதல் ஆள் படத்தில் இருப்பவர். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தையும் குலசேகரப்பட்டினத்துத் தசரா வேடங்களையும் எடுக்க எத்தனையோ பேர் போகிறோம். எடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் முகத்தைப் பார்த்திருப்பார்கள்? எங்கள் அக்கா இதில் கறார். கேட்டுவிட்டு எடுப்பார், எடுத்ததை அச்சுப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

போன மாதம் மயிலாப்பூரில் பூக்கட்டுகிற அம்மா ஒருவரின் கைகளை எடுத்திருந்தார். விரலில் சுற்றிய நார், நகக்கண்ணில் ஏறியிருந்த பச்சை, பின்னால் எல்லாம் கரைந்து மென்மையாக. பெஞ்சில் நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை. அச்சுப்போட்டுக் கொடுத்தபோது அந்த அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"கை நல்லா இருக்கு. பூவு மங்கிக் கெடக்குதே? மல்லியா முல்லையான்னே தெரியல. கட்டுறது பூவைத்தானேம்மா?"

அக்கா அதை எங்களிடம் சொன்னபோது சார் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். உண்மைதான். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்துவிட்டதில் ஃபோகஸ் விரல்நுனியில் நின்றுவிட்டது. முடிச்சுப் போட்ட சரம் புகைந்துபோயிருந்தது. எட்டுக்காவது மூட வேண்டும், அந்த விடியல் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ.-வைக் கூட்டாமல் முடியாது, கொஞ்சம் மணல் தெரியும், தெரிந்தால் தெரியட்டும் என்று பேசி முடித்தோம். வெள்ளிக்கிழமை பூ அதிகம் வரும் என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார். அக்கா அன்று போகிறார்.