வீட்டு உறுதியும் கடைக் கடனும்

எம்மவர்களில் பலர் வீட்டைக் கட்டி முடித்ததும் அதன் உறுதியை அலுமாரிக்குள் பூட்டிவிடுகின்றனர். வியாபாரத்தில் பணமுடை வரும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. அந்த அவசரத்தில் எடுக்கப்படும் முடிவே பல குடும்பங்களைக் கஷ்டத்தில் தள்ளிவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்திற்கு, உங்கள் வீட்டின் சந்தைப் பெறுமதி 2 கோடி ரூபா. அதன் மீதுள்ள கடன் 60 இலட்சம். மிகுதி 1 கோடி 40 இலட்சமே அவ்வீட்டில் உங்களுக்குச் சொந்தமான பங்கு. ஆனால் இத்தொகை முழுவதையும் வங்கி தராது. மதிப்பீட்டாளரின் அறிக்கையில் அவசர விற்பனைப் பெறுமதி என இன்னொரு தொகை இருக்கும். அது சந்தைப் பெறுமதியை விடக் குறைவு. வங்கி பெரும்பாலும் அதிலும் ஒரு பகுதியையே கணக்கில் எடுக்கும். எனவே வீட்டின் விலை ஏறிவிட்டதென்று கையில் காசு இருப்பதாக எண்ணுவது தவறு.

அடுத்தது வட்டி வீதம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதை நாம் மறக்க முடியாது. மாறும் வட்டியில் 50 இலட்சம் எடுத்தவருக்கு 12 சதவீதத்தில் மாத வட்டி 50,000 ரூபா. அதுவே 25 சதவீதமானால் ஒரு இலட்சத்தைத் தாண்டும். கடையின் வருமானமோ அந்நாட்களில் குறைந்தே போனது.

தவணை தவறினால் என்ன நடக்கும்? 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்குகிறது. 'பராட்டே' என நாம் அறிந்திருப்பது இதனையே. 2024இல் இது தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. அது அவகாசமே தவிரக் கடன் தள்ளுபடியல்ல.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு, குறைந்து செல்லும் முஷாரகா முறை இங்குண்டு. வங்கியும் நீங்களும் பங்காளிகளாகி, வங்கியின் பங்குக்கு வாடகை செலுத்தி, அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்குகிறீர்கள். இங்கும் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடக் கூடாது. வாடகை எப்போது மாறும், தவணை பிந்தினால் என்ன செய்வார்கள், இடையில் முழுவதையும் செலுத்தி முடிக்கலாமா என்பதைக் கேட்டறியுங்கள்.

எமது கருத்து இதுதான். நிரந்தர வருமானம் தரும் முதலீட்டுக்கு, உதாரணமாகக் கடைக் கட்டடத்தைச் சொந்தமாக வாங்குவதற்கு, வீட்டை ஈடு வைப்பதில் நியாயமுண்டு. பெருநாள் சரக்குக்கும், பழைய கடனை அடைப்பதற்கும், கல்யாணச் செலவுக்கும் அதனை வைப்பது ஆபத்தானது. வியாபாரம் ஆறு மாதம் படுத்தாலும் தவணையைக் கட்ட வழியிருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையெனில் வங்கிப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று. கிழக்கிலே பல வீடுகள் பெண்களின் பெயரிலேயே உள்ளன. பெற்றோர் மகளுக்குக் கொடுத்த வீடு அது. கணவனின் கடைக்காக மனைவியிடம் கையொப்பம் கேட்கும்போது, மேற்சொன்ன கணக்கு முழுவதையும் அவளுக்குச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவள் வேண்டாமென்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். கடை போனால் இன்னொரு கடை போடலாம். பிள்ளைகள் தூங்கும் கூரை போனால் அதை மீட்பது இலகுவல்ல.