கூட்டு வியாபாரமா? பதிவைத் தள்ளிப் போடாதீர்!

நம் வணிகர்களில் பலர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கடை தொடங்கும்போது, முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, ஜி.எஸ்.டி. எண்ணும் வாங்கியதோடு எல்லாப் பதிவும் முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். இது தவறு. ஜி.எஸ்.டி. பதிவு வரிக்கு மட்டுமே. கூட்டு நிறுவனத்தை மாவட்டப் பதிவாளரிடம் தனியே பதிவு செய்ய வேண்டும்.

இது கட்டாயமில்லை என்பதே பலரை ஏமாற்றுகிறது. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, பதிவு பெறாத நிறுவனம் 100 ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கிக்கு வாடிக்கையாளர் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அவர் நம் மீது போடலாம்!

கடனுக்குச் சரக்குக் கொடுக்காமல் மொத்த வியாபாரம் உண்டா? ஐம்பது மூட்டை அரிசிக்குப் பணம் வராதபோது விழிப்பதில் பயனில்லை. வழக்குப் போட்டபின் பதிவு செய்தாலும் அந்த வழக்கு நிற்காது. புதிதாகத்தான் போட வேண்டும், அதுவும் 3 ஆண்டுக் கெடுவுக்குள். புதிய பங்குதாரர் சேர்ந்தால் அவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

கூட்டு நிறுவனங்களை உறுப்பினராகச் சேர்க்கும்போதே பதிவுச் சான்றைக் கேட்பதை நம் சங்கங்கள் வழக்கமாக்க வேண்டும். வராக் கடனுக்கு அழுவதைவிட இது மேல்.