லயத்துக்கு வந்த பூனைக்குட்டி

புதிய பூனைக்குட்டியை முதல் சில நாட்கள் தனி அறையில் வைத்திருங்கள் என்பதே விலங்கு மருத்துவர்கள் கூறும் முதல் அறிவுரை. நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில், ஆங்கிலேயர் காலத்து லயங்களில் வாழும் குடும்பங்களுக்கு இது எவ்வாறு பொருந்தும்? அங்கு ஒரு காம்பிராவும் ஓர் இஸ்தோப்புமே வீடு. வாசலில் ஏற்கனவே ஒரு நாயும் இருக்கும்.

இடத்தால் பிரிக்க இயலாவிடில் நேரத்தால் பிரிக்கலாம் என்பது என் கருத்து. வீட்டார் கொழுந்து பறிக்கச் செல்லும் பகலில் நாய் இஸ்தோப்பில் கட்டப்பட்டிருக்கட்டும். குட்டி கதவடைத்த காம்பிராவுக்குள், பழைய கம்பளி விரித்த பெட்டியில் இருக்கட்டும். மலைக்குளிருக்கும் அது அவசியம். இரண்டும் படுத்த துணிகளை மாற்றிப் போட்டு வாசனை பழக்குங்கள். மாலையில், நாயைக் கட்டியபடியே, சில நிமிடங்கள் மட்டும் பார்க்க விடுங்கள். குட்டி ஏறி ஒதுங்க உயரமான ஓரிடம் வேண்டும். முழுமையாகப் பழகச் சில வாரங்கள் ஆகலாம்.

லயத்தில் சுவரைப் போலவே நாயும் ஏறக்குறைய எல்லோருக்கும் பொது. ஆகவே விசர்நோய்த் தடுப்பூசி ஒரு வீட்டின் விடயமன்று, லயம் முழுவதன் பொறுப்பு. அரசு இதனை நாய்க்கும் பூனைக்கும் இலவசமாகவே ஏற்றுகிறது. கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

தனி அறை இல்லை என்பதற்காக எவரும் ஒரு குட்டியை மழையில் விட வேண்டியதில்லை.