பொங்கலுக்கு ஒரு புகைவண்டி நாவல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

இலக்கியம் இன்பம் தரவேண்டும். அதே வேளையில் இதயத்தையும் விரிவாக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய வல்லது பயணக் கதை. அதிலும் பண்டிகைக்காக வீடு நோக்கி விரையும் புகைவண்டியில் நிகழும் கதைக்குத் தனிச்சுவை உண்டு.

அமெரிக்க எழுத்தாளர் டேவிட் பால்டாச்சி 2002-ஆம் ஆண்டு 'தி கிறிஸ்துமஸ் டிரெயின்' என்றொரு நாவலை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் வாஷிங்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் புகைவண்டியில் செல்லும் ஒரு பத்திரிகையாளனின் கதை அது. வழியில் பழைய காதலியைச் சந்திக்கிறான். பனிச்சரிவில் வண்டி நின்றுவிடுகிறது. முன்பின் அறியாதவர்கள் உறவினர்போல் ஆகிவிடுகிறார்கள். அகராதியை அருகில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். நெஞ்சம் நெகிழ்ந்தது உண்மை. ஆயினும் ஓர் எண்ணம் எழுந்தது. படுக்கையும் உணவுப் பெட்டியும் உள்ள வண்டியில் நேசம் பிறப்பதில் வியப்பென்ன? காலூன்ற இடமில்லாத பெட்டியில் பிறந்தால் அதுவன்றோ கதை!

அத்தகைய கதை தமிழுக்குப் புதிதன்று. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' சிறுகதையில், தந்தையோடு ரயிலில் செல்லும் சிறுவன் ஒருவன், கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்படும் ஒரு சிறுமியைக் காண்கிறான். தான் உண்ணாமல் ஆசையாய் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. அவளுடைய துன்பம் தீர்ந்துவிடவில்லை. அவள் வேலைக்குத்தான் போகிறாள். ஆனாலும் படிப்பவர் உள்ளம் சிலிர்க்கிறது. ஏழையின் கதையைச் சொன்னால் சோகமே மிஞ்சும், விடுமுறையில் யார் படிப்பார் என்போருக்கு அந்த ஒரு பழமே விடை!

அந்தச் சிறுகதை விட்ட இடத்தில் ஒரு நாவல் தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கான வண்டி நம் சேலம் சந்திப்பின் வழியாகவே செல்கிறது. 2011-இல் தொடங்கப்பட்ட விவேக் எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரிக்கும் அசாமின் திப்ரூகருக்கும் இடையே 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் செல்லும் வண்டி இதுவே. முழுப் பயணத்துக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதன் முன்பதிவில்லாப் பெட்டிகளில் நெருக்கியடித்துச் செல்வோர் யார்? நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும் பள்ளிபாளையம் விசைத்தறிகளிலும் திருப்பூர்ப் பனியன் ஆலைகளிலும் உழைக்கும் தோழர்கள்.

என் தந்தை விசைத்தறி ஓட்டுபவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நானே முதல். அப்பாவுக்கு அடுத்த தறியில் நிற்பவர் ஓர் அசாம் இளைஞர். ஏறக்குறைய என் வயது. சனவரி நடுவில் நாம் பொங்கல் கொண்டாடும் அதே நாட்களில் அவர்களுக்கு மாக பிஹு என்னும் அறுவடைத் திருநாள். நாம் போகி கொளுத்துவதுபோல் அவர்களும் விடியற்காலையில் 'மேஜி' என்னும் நெருப்பு மூட்டுகிறார்கள். அரிசி மாவிலும் எள்ளிலும் பலகாரம் செய்கிறார்கள். இரண்டு பண்டிகைக்கும் இடையே இருப்பது ஒரு தண்டவாளம்தான்!

ஆனால் நாமோ அவர்களை 'வடக்கன்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அஞ்சிப் பலர் ஊருக்கு வண்டி ஏறினர். ஒரு பொய்க்கு அத்தனை வேகம் எப்படி வந்தது? ஒருவர் கதையை மற்றவர் அறியாததால்தான். பக்கத்துத் தறிக்காரரின் தாய் பெயர் தெரிந்தவனிடம் வதந்தி எடுபடாது. சட்டமும் காவலும் அச்சத்தை அடக்கலாம். அறியாமையை அகற்றக் கதை வேண்டும்.

ஆகவே, எழுத்தார்வம் மிக்க மாணவ நண்பர்களே, பொங்கலுக்கு முன் சேலத்தில் ஏறி மேஜி நெருப்பைத் தேடிப் போகும் ஒருவனின் கதையை எழுதுங்கள். அதிசயமும் தற்செயலும் வேண்டா. அவனுக்கு உட்கார ஒரு சாண் இடம் ஒதுக்கித் தருபவர் ஒருவர் இருந்தால் போதும். நாவல் படித்துப் பழகாத என் தந்தைக்கு அதை நானே வாசித்துக் காட்டுவேன். அடுத்த தறிக்காரருக்கு அவர் சொல்லுவார்.