நீங்கள் கேட்டவை: டிரெய்லரில் ஏற்றி இறக்கும் காவல் கூடு... எப்படிச் செய்வது?

"ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கிராமம். இரண்டு ஏக்கரில் நெல், கொஞ்சம் காய்கறி. அறுவடை நேரத்தில் களத்திலும், கொள்முதல் நிலையத்திலும் நெல்லோடு இரவில் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. போன போகத்தில் டிரெய்லருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். விடிந்து சாக்கை உதறினால், கட்டுவிரியன் விழுந்தது. 'இனி ராத்திரி காவலுக்குப் போகவே வேண்டாம்' என்கிறார்கள் வீட்டில். டிரெய்லர் மீதே கூரையும் படுக்கையும் வைத்து வெல்டிங் செய்துவிடலாமா? கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் போய்த் தங்கவும் உதவுமே?"

- வாசகர், ஆவடி வட்டாரம்

"படுக்கையைத் தரையிலிருந்து மேலே ஏற்ற நினைப்பது சரியான முடிவு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் பெரிதாக வலியோ, வீக்கமோ இருக்காது. பூச்சிக்கடி என்று நினைத்துத் திரும்பவும் தூங்கிவிடுவார்கள். பிறகு வயிற்றுவலி, கண் இமை தொங்குவது, மூச்சுத்திணறல் என்று முற்றும்போதுதான் விஷயம் தெரியவரும். எனவே, உயரமான படுக்கையும், நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் காவலுக்குப் போகிறவருக்கு உயிர்க்கவசம்.

ஆனால், டிரெய்லர் மீது நிரந்தரமாக வெல்டிங் செய்ய வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை அந்தச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு, இப்படிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க முடியும். விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் இழப்பீடு கேட்கும்போதும் இது சிக்கலாகும். போதாததற்கு, நெல் ஏற்றும் டிரெய்லரில் பாதி இடத்தைப் படுக்கை அடைத்துக்கொள்ளும்.

இதற்கு வழி, வண்டி தனி, கூடு தனி என்று பிரித்துச் செய்வதுதான். நான்கு காலில் தானாக நிற்கும் கூடு ஒன்றைச் செய்துகொண்டால், தேவைப்படும் இடத்துக்கு டிரெய்லரில் சுமையாக ஏற்றிப் போகலாம். போன இடத்தில் கால்களை ஊன்றிவிட்டு, டிரெய்லரை அடியிலிருந்து உருவிக்கொள்ளலாம். அதன்பிறகு டிரெய்லர் நெல் ஏற்றப் போய்விடும்.

அளவும் சட்டமும்

பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி அளவில் கடையில் கிடைக்கிறது. கூட்டையும் அதே அளவில் வைத்துக்கொண்டால் வெட்டும் கூலியும் இல்லை, சேதாரமும் இல்லை. அடிச்சட்டத்துக்கு 50 மி.மீ சதுரக் குழாய், 3 மி.மீ கனத்தில் எடுக்கவும். மேல் சட்டத்துக்கும் தூண்களுக்கும் 40 மி.மீ குழாய், 2 மி.மீ கனம் போதும். தரைக்கு 12 மி.மீ பிளைவுட். கூரைக்கும், பக்கங்களில் 2 அடி உயரத்துக்கும் அரை மி.மீ தகடு. மீதி உயரத்துக்குக் கொசுவலையும், சுருட்டிவிடக்கூடிய தார்ப்பாயும் போதும். எல்லாம் சேர்த்துக் கூட்டின் எடை ஏறத்தாழ 180 கிலோ வரும்.

கால்கள்

இந்தக் கூட்டின் உயிரே கால்களில்தான் இருக்கிறது. டிரெய்லர் வெளியே போக வேண்டுமானால், கால்கள் அதன் அகலத்துக்கு வெளியே நிற்க வேண்டும். முதலில் உங்கள் டிரெய்லரின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அது 6 அடி என்றால், கால்களுக்கு இடையே 7 அடி இருக்க வேண்டும்.

3 மி.மீ கனமுள்ள 50 மி.மீ குழாயின் உள்ளளவு 44 மி.மீ. அதற்குள் 40 மி.மீ குழாய் தாராளமாக ஓடும். கூட்டின் அடியில் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என 50 மி.மீ குழாய்களைக் குறுக்காகப் பற்றவைக்கவும். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்றரை அடி நீளமுள்ள 40 மி.மீ குழாயைச் செருகவும். ஜோடியில் ஒன்று இடப்பக்கக் கை, மற்றது வலப்பக்கக் கை. வெளியே ஒன்றரை அடி இழுத்தால், உள்ளே இரண்டு அடி பிடிமானம் இருக்கும். இந்தக் கைகளுக்கு மட்டும் 2 மி.மீ குழாய் கூடாது. 3 மி.மீ கனம் கட்டாயம். முழுப் பாரமும் இவற்றில்தான் தொங்குகிறது.

கைகளின் நுனியில் கால்கள். இவையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடும் குழாய்கள்தான். 2 அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, 12 மி.மீ போல்ட் செருகினால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அடியில் 6 அங்குலச் சதுரத் தகடு பற்றவைக்கவும். ஈர நிலத்தில் அந்தத் தகட்டுக்குக் கீழே பலகைத் துண்டும் போட வேண்டும். இல்லையென்றால், நடுராத்திரியில் ஒரு கால் சேற்றில் இறங்கி, கூடு சாய்ந்துவிடும்.

அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள வெல்டிங் பட்டறைகளுக்கு இது பெரிய வேலை இல்லை. படம் வரைந்து, அளவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கைகளையும் கால்களையும் இணைக்கும் மூலைகளில் முக்கோணத் தகடு வைக்கச் சொல்லுங்கள்.

இறக்கும் முறை

சமதளத்தில் டிராக்டரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவும். டிரெய்லரின் பக்கக் கதவுகளையும் பின்கதவையும் திறந்துவிட்டு, கைகளை இழுத்து போல்ட் போட்டுக் கால்களை இறக்கவும். ஜாக்கியால் ஒவ்வொரு மூலையையும் இரண்டு விரற்கடை மட்டும் தூக்கி, கால் போல்ட்டை அடுத்த துளைக்கு மாற்றிக்கொண்டே சுற்றி வரவும். ஒரே மூலையை ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. கூடு முழுவதும் டிரெய்லரைவிட்டு எழும்பியதும், டிராக்டரை மெதுவாக முன்னே நகர்த்தவும். அந்த நேரத்தில் கூட்டுக்கு அடியிலோ, மேலேயோ ஒருவரும் இருக்கக் கூடாது. டிரெய்லர் வெளியேறியதும், கால்களுக்குக் குறுக்கே பெருக்கல் குறிபோல இரும்புப் பட்டை பூட்டவும். இது இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. காற்றுக் காலத்தில் நான்கு மூலைகளிலும் முளை அடித்துக் கயிற்றால் கட்டவும்.

உள்ளே கவனிக்க வேண்டியவை

கூட்டுக்குள் அடுப்பு, கரி, ஜெனரேட்டர் எதுவும் வேண்டாம். மூடிய இடத்தில் கரி எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். மழைக்குத் தார்ப்பாயை இறக்கினாலும், கூரைக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். விளக்குக்கு 12 வோல்ட் பேட்டரியும் எல்.இ.டி-யும் போதும். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் போடவும். இடி, மின்னல் இருந்தால் கூட்டில் இருக்காமல் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடவும்.

சாலையில் போகும்போது கூட்டுக்குள் ஆள் உட்காரக் கூடாது. கைகளை உள்ளே தள்ளி போல்ட் போட்டு, நான்கு மூலைகளையும் டிரெய்லரோடு இறுகக் கட்டவும். பின்புறம் சிவப்பு ஒளிபட்டையும், எரியும் விளக்கும் இருக்க வேண்டும். இரவில் விளக்கில்லாத டிரெய்லரில் பின்னால் வந்து மோதும் விபத்துகள் நெடுஞ்சாலையில் ஏராளம்.

குடும்பச் சுற்றுலாவுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். விவசாய டிரெய்லர் என்பது விளைபொருள், இடுபொருள் போன்றவற்றை ஏற்றிச் செல்வதற்கு. தோட்டத்தில் பிள்ளைகளோடு ஓர் இரவு தங்குவதற்கு இந்தக் கூடு தாராளமாக உதவும்."

"ஜீப்பில் இழுக்கிற மாதிரி சின்ன டிரெய்லரை நாமே செய்துகொள்ள முடியுமா?"

- வாசகர், பூந்தமல்லி

"நம் நிலத்துக்குள் ஓட்டுவதற்குச் செய்யலாம். பொதுச் சாலைக்கு வந்தால் பதிவு தேவை. எனவே, இரும்பு வாங்குவதற்கு முன்பே பூந்தமல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

செய்வதானால் எடைச் சமநிலைதான் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் இழுவைக் கொக்கியில் இறங்க வேண்டும். 400 கிலோ டிரெய்லர் என்றால், 40 முதல் 60 கிலோ. மூட்டை எடை போடும் தராசில் கொக்கி முனையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். குறைந்தால், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டி ஜீப்பையும் கவிழ்த்துவிடும். தண்ணீர் கேன் போன்ற கனமான பொருள்களை அச்சுக்கு மேலேயே வைக்கவும். கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலிகள் கட்டாயம். புதுப்பேட்டையில் பழைய லாரி வில்பட்டை வாங்கி மாட்டினால், பாரம் போதாமல் வண்டி துள்ளும். எடைக்கு ஏற்ற பட்டையாகப் பார்த்து வாங்கவும்."

"வீட்டில் பழைய டயர் மாட்டுவண்டி சும்மா கிடக்கிறது. அதில் இந்தக் கூட்டை வைக்கலாமா?"

- வாசகர், திருநின்றவூர்

"வைக்கலாம். மாடு இழுக்கும்வரை அது மோட்டார் வாகனம் ஆகாது. அதையே டிராக்டரில் மாட்டினால் டிரெய்லர் ஆகிவிடும். அந்த அச்சும் பேரிங்கும் மாட்டின் நடைக்காகச் செய்தவை, டிராக்டர் வேகத்துக்குத் தாங்காது. கூட்டை ஏற்றுவதற்கு முன்பு பேரிங்கைக் கழற்றி கிரீஸ் வைத்து, டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். மாட்டை அவிழ்த்ததும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுக்கவும். பின்பக்கம் ஒருவர் ஏறிப் படுத்தாலே, இரு சக்கர வண்டி குடை சாய்ந்துவிடும்.

கூடு இருந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். இரவில் கீழே இறங்கும் முன்பு டார்ச் அடித்துப் பார்த்து, செருப்பை உதறிப் போடுங்கள். பாம்பு கடித்ததாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலி இல்லையே என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது."